மிச்சம் எடுத்த கூடைகள்

உள்ளி உரிக்கிறவனுக்குக் கண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கால் மணி நேரத்தில் எல்லாம் ஒன்றுதான் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார். முன்னால் சாக்கில் கிடப்பது உள்ளி என்கிற சின்ன வெங்காயமா, உருட்டி வைத்த செம்மண்ணா என்றே தெரியாதபடி கண் எரிந்து வழிந்தது. சமாதானவிளை ஆலய வளாகத்தில், பந்தல் நிழலில், சனிக்கிழமை மூன்று மணி வெயில் ஓரமாக வந்து எட்டிப் பார்க்கிற இடத்தில், நாற்பது ஐம்பது பேர் வட்டம் வட்டமாக உட்கார்ந்து நாளைய அசனத்துக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு அசனம் என்று பெயர்; யார் வந்தாலும் சோறு உண்டு, நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. முந்தின நாள் வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்பதும் வழக்கம். இறையியல் கல்லூரியில் முப்பத்துநான்கு வருஷம் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தவர் என்பதற்காக அவருக்கு யாரும் விலக்கு அளிக்கவில்லை. அரிவாள்மணையில் உட்கார முழங்கால் இடம் கொடாது, கத்தியைக் கொடுத்தால் காயோடு விரலையும் நறுக்கிவிடுவார் என்பது போன வருஷத்து அனுபவம், ஆகவே உள்ளியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். இரண்டு முழம் தள்ளி சொர்ணபாய் ஒரு காலை மடித்து உட்கார்ந்து கத்தரிக்காயை நாலாக வகுந்து தண்ணீர் அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வருஷத்து மனைவி. கண் எங்கேயோ இருக்க, கை தானாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. இந்தக் கையைப் பார்த்துவிட்டு இவளுக்கு ஒரு குறை இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஹெப்சி சொல்கிறாள். மகள் என்றால் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிட முடியுமோ?

காலையில்தான் கூப்பிட்டாள். "அப்பா, திங்கட்கிழமை திருநெல்வேலியில ஒரு நரம்பு டாக்டர்கிட்ட அம்மாவுக்கு நேரம் வாங்கியிருக்கேன். நான் இன்னைக்கே வண்டி ஏறணும். ஏறவா வேண்டாமான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க." எதற்கு நரம்பு டாக்டர் என்று கேட்டதற்கு, "நேத்து ஒரே போன்ல நான் சாப்பிட்டேனான்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் புதுசா கேட்டாங்கப்பா" என்றாள். தாய் வேறு என்னத்தைக் கேட்பாள், ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றியா கேட்பாள்? "உங்க அம்மா எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். எப்பவும் அப்படித்தான். கல்யாண நாளையே ஒரு தடவை மறந்தவள். அவரும் மறந்திருந்தார் என்பது வேறு விஷயம். தேதியும் எண்ணும் பெயரும் அவளுக்கு என்றைக்கு நின்றன? அதற்குத்தான் அவர் இருக்கிறாரே. நாற்பத்தொரு வருஷமாக அவள் சொல்கிற ஒவ்வொரு கதைக்கும் அடிக்குறிப்பு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். செவ்வாய்க்கிழமை நடந்ததை விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமையை யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு உள்ளி கை நழுவி உருண்டு ஓடியது, குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டார்கள்: புளிக்குழம்பு, அவரைக்காய். மூன்று மணிக்கு அவர் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று, "சாப்பிட வாங்க, ஆறிப்போயிரும்" என்றாள். மேஜையில் புதுச் சோறு ஆவி பறந்தது. அவர் என்ன செய்தார்? எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இது நாலாயிரம் பேருக்கா?" என்றார். அப்படி ஒரு வேடிக்கையை அவருடைய மாணவர்களில் மூன்று பேர் ரசித்திருப்பார்கள். அவளும் சிரித்தாள். சபையில் வெள்ளைக்காரப் பிரசங்கி சொன்ன வேடிக்கைக்கு மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னால் எல்லோரும் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கழுவி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் விட்டுவிடலாம் என்று நினைத்தார். நான்கு நாளாக அது விடுகிறதாக இல்லை.

"உனக்கு எத்தனை பிள்ளைங்க, ஜெபக்கனி?" என்று சொர்ணபாய் கேட்பது காதில் விழுந்தது. ஜெபக்கனி நாலாவது வீட்டுக்காரி, பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டுக்கா. மூத்தவன் கப்பல்ல வேலை பாக்கான், சின்னவ நர்சுக்குப் படிக்கா." "ஆமா, பொங்கிப் போட்டவளுக்குத்தான் பிள்ளை அருமை தெரியும். நாங்க காலேஜ் குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போது ஒருநாள் மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. ஹெப்சி கைப்பிள்ளை. விடுதி அடுப்புக்குள்ள தண்ணி ஏறிட்டு. பசங்க ஒன்பது பேர், தலைக்குச் சாக்கைப் போட்டுக்கிட்டு வந்து நிக்காங்க. 'அக்கா, சாப்பாடு இருக்கா?' வீட்ல அரைப்படி அரிசி, ரெண்டே ரெண்டு கருவாடு. வேற ஒண்ணும் கிடையாது. நான் என்ன செய்ய? 'கர்த்தாவே, நீயே பாத்துக்கோ'ன்னு உலையை வச்சேன். கஞ்சியா காச்சி ஊத்துதேன், ஊத்துதேன், குறைய மாட்டேங்கு. எல்லாவனும் ரெண்டு வட்டம் குடிச்சு, மிச்சம் ஒரு சட்டி இருந்துச்சு பாத்துக்க." அவருக்கு மனதுக்குள் நிறைவாக இருந்தது. ஒன்பது பேர், அரைப்படி, இரண்டு கருவாடு, ஒரு சட்டி. எல்லாம் சரி. ஒரு பிழை இல்லை. இதைக் கேட்டுவிட்டு எந்த நரம்பு டாக்டர் என்ன சொல்லிவிடுவான்? முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு மழையின் கணக்கை ஒரு பருக்கை குறையாமல் ஒப்பிக்கிறவள் நேற்றைய போனை மறந்தால்தான் என்ன? ஹெப்சியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சட்டைப் பையில் போன் கனத்தது. உள்ளிக் கையோடு எடுக்க முடியாது. எடுக்காமலிருக்க அது நல்ல காரணமாகவும் இருந்தது.

மிச்சம் ஒரு சட்டி. மிச்சம் என்றால் அவருடைய மூளை தானாகவே கூடைக்குப் போய்விடும். அது தொழில் வியாதி. சுவிசேஷத்தில் அப்பம் பெருகுவது இரண்டு தடவை வருகிறது. முதலில் ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர், மிச்சம் பன்னிரண்டு கூடை. இரண்டு அத்தியாயம் தள்ளி ஏழு அப்பம், கொஞ்சம் சிறு மீன், நாலாயிரம் பேர், மிச்சம் ஏழு கூடை. கிரேக்கத்தில் முதல் கூடை வேறு, இரண்டாம் கூடை வேறு. முதலாவது கையில் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி, இரண்டாவது ஒரு மனிதன் உட்காரும் அளவு பெரிய கூடை, பவுலை மதில் மேலிருந்து இறக்கினார்களே அந்த ஜாதி. ஆகையால் ஏழு பன்னிரண்டை விடக் குறைவு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. இதைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார். அச்சுக்கோத்தவரையும் சேர்த்து ஐந்து பேர் படித்தார்கள். ஆனால் அவர் வகுப்பில் உறுதியாகச் சொல்லிவந்தது வேறு: இரண்டு அற்புதமும் ஒன்றுதான், ஒரே சம்பவம் இரண்டு வாயில் புகுந்து இரண்டு எண்ணோடு வந்திருக்கிறது. ஆதாரம் என்ன? இரண்டாவது தடவை சீஷர்கள் கேட்கிறார்கள், இந்த வனாந்தரத்தில் இத்தனை பேருக்கு அப்பத்துக்கு எங்கே போக என்று. ஐயாயிரம் பேர் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தவன், தன் கையால் பரிமாறியவன், மிச்சத்தைக் குனிந்து பொறுக்கியவன், அப்படிக் கேட்பானா? முதல் விருந்து நடக்கவே இல்லை என்பது போலல்லவா கேட்கிறான்! எனவே நடந்தது ஒன்றே. முப்பத்துநான்கு வருஷமும் மாணவர்கள் இதை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினார்கள். ஒரே ஒருவன் எழுந்தான், ஆறுமுகநேரிப் பக்கத்துப் பையன், பெயர் தவமணி. "சார், மறந்திருக்கலாம்லா?" என்றான். வகுப்பு சிரித்தது. "மறதிக்கும் ஒரு மரியாதை உண்டு, தம்பி. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சீக்கிரத்தில் எந்த மனிதனும் மறக்க மாட்டான்" என்று அவர் சொன்னார். தவமணி உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஏதோ சொல்ல வந்தது இருந்தது. அவன் வீட்டில் அப்போது யாரோ ஒருவர் மறந்துகொண்டிருந்தார்களோ என்னவோ. அவர் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

"ஏ ஜெபக்கனி, உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றாள் சொர்ணபாய். அதே குரல், அதே ஆசை. மாசிலாமணியின் விரலில் தோல் பாதி உரிந்தபடி ஒரு உள்ளி நின்றது. யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார். சிரித்தால் எழுந்து போய்விடலாம், கோபப்படலாம், கோபம் வந்தால் நல்லது, கோபத்துக்கு அவரிடம் சொற்கள் இருக்கின்றன. யாரும் சிரிக்கவில்லை. ஜெபக்கனி பூசணிக்காயிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், முதல்முறை கேட்கப்பட்டவள் போலவே சொன்னாள்: "ரெண்டுக்கா. ஒருத்தன் கடல்ல மிதக்கான், ஒருத்தி ஊசியும் கையுமா அலையுதா." "ஆமா, பொங்கிப் போட்டவளுக்குத்தான் பிள்ளை அருமை தெரியும். நாங்க காலேஜ் குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போது ஒருநாள் மழைன்னா மழை..." மழை மறுபடியும் பெய்தது. ஹெப்சி மறுபடியும் கைப்பிள்ளை ஆனாள். இந்தத் தடவை வந்து நின்றவர்கள் பன்னிரண்டு பேர். அரிசி ஒரு படி, கருவாடு போய் ஒரு கை நெத்திலி. மிச்சம் இரண்டு சட்டி. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "பன்னிரண்டு இல்லை, ஒன்பது. அரைப்படி." சொன்ன கணமே அதைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள விரும்பினார். சொர்ணபாயின் அரிவாள்மணை நின்றது. கண்ணீர் வழியாக அவள் முகம் தெரியவில்லை, ஒரு நீலச் சேலையின் கலங்கல் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. ஆனால் செவ்வாய்க்கிழமைப் பார்வை அதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. "சார்வாள் வந்துட்டாருய்யா திருத்துத பேனாவோட!" என்றான் ஈசாக்கு, மணி அடித்துக் கோயில் கூட்டுகிற கோயில்குட்டி, முருங்கைக்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து. இப்போது சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளைப் பார்த்து அல்ல. ஜெபக்கனி சத்தமாக, "நீங்க சொல்லுங்கக்கா, இவியளுக்கு என்ன தெரியும், பொங்குனது நீங்களா இவியளா?" என்றாள். அரிவாள்மணை மெதுவாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஜெபக்கனிக்குத் தெரியும், ஈசாக்குக்குத் தெரியும், இந்தப் பந்தலில் வெண்டைக்காய்க்கும் தெரியும். எத்தனை மாதமாகவோ இந்தப் பெண்கள் அவளுக்கு ஒரே பதிலைப் புதிது புதிதாகச் செய்து பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர் கிரேக்கம் படித்தவர் ஒருவர்தான்.

தெரியாதா, தெரிந்துகொள்ளவில்லையா? அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அது தவறு, எரிச்சல் இரட்டித்தது. எதிரே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நெட்டை நெட்டையாக அசைந்தார்கள், பனைமரம் கால் முளைத்து நடக்கிற மாதிரி. இதுவும் அங்கேயே வருகிறது, அந்த அப்பங்களுக்குப் பின்னால், பெத்சாயிதாக் குருடன். ஒரு தடவை தொட்டதும், மனிதர்கள் மரங்களாக நடக்கிறார்கள் என்கிறான். இன்னொரு தடவை தொட்ட பிறகுதான் தெளிகிறது. ஒரே தொடுதலில் ஆகாத சொஸ்தம் அது ஒன்றுதான். அதற்குச் சற்று முன்னால் படகு. படகில் ஒரே ஒரு அப்பம்தான் இருக்கிறது, சீஷர்கள் எடுத்துவர மறந்துவிட்டார்கள், அதைப் பற்றியே முணுமுணுக்கிறார்கள். கண் இருந்தும் காணவில்லையா, நினைவும் இல்லையா என்று கேட்கிறார் கர்த்தர். எத்தனை கூடை எடுத்தீர்கள்? பன்னிரண்டு. அடுத்த தடவை எத்தனை? ஏழு. விடை இரண்டும் சரி. பத்துக்குப் பத்து. அப்புறமும், இன்னும் விளங்கவில்லையா என்று கேட்கிறார். எண் சரியாக இருந்தது, கண்தான் இல்லை. மாசிலாமணி அந்தப் படகில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகத் தன்னைக் கண்டார், கையைத் தூக்கிக்கொண்டு, பன்னிரண்டு ஐயா, ஏழு ஐயா, கூடைக்குக் கிரேக்கத்தில் இரண்டு சொல் ஐயா என்று. மறந்திருக்கலாம்லா? மறந்திருக்கலாம், தவமணி. ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டதை மூன்று மணிக்கு மறக்கலாம். தன் கையால் பொங்கியதை, தன் கையால் பரிமாறியதை, தட்டைக் கழுவிக் கவிழ்த்ததை மறக்கலாம். மறந்துவிட்டு, இத்தனை பேருக்கு எங்கே போக என்று முழுசாகப் பதறலாம். அப்படியானால் இரண்டு விருந்தும் நடந்திருக்கலாம். நாற்பத்திரண்டு பக்கம் போனது, போகட்டும். ஆனால் அந்த இரண்டாவது விருந்தில் ஒன்றை அவர் முப்பத்துநான்கு வருஷமாகக் கவனிக்கவில்லை. சீஷர்கள் மறந்துபோய்க் கேட்டபோது, போன தடவைதானே காட்டினேன் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. உங்களிடம் எத்தனை அப்பம் இருக்கிறது என்று மட்டுமே கேள்வி வந்தது. கர்த்தர் மறுபடியும் ஜனங்களை உட்காரச் சொன்னார், மறுபடியும் பிட்டார், மறுபடியும் கொடுத்தார். படகில் அதட்டியது அதற்கு அப்புறம்தான். வனாந்தரத்தில், பசித்தவர்கள் முன்னால், அதட்டல் இல்லை.

இவள் மறந்தால் யார் அவரை நினைவில் வைத்திருப்பார்கள்? அதுதான் பயம், நான்கு நாளாக உள்ளித் தோல் மாதிரி ஒன்றின் அடியில் ஒன்றாக இருந்த பயம். டாக்டரிடம் போனால் ஒரு பெயர் சொல்வான். பெயர் வைத்துவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு ஒன்பது பன்னிரண்டாகும், நாளைக்கு மழை போகும், குவார்ட்டர்ஸ் போகும், ஒருநாள் காலை காபியை நீட்டுகிறவரைப் பார்த்து, நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்பாள். "சார்வாளும் அன்னைக்கு அந்தக் கஞ்சி குடிச்சியளோ?" என்று ஈசாக்கு கேட்டான். விடாக்கண்டன். "குடிச்சேனே" என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது: ஓட்டு மேல் மழை, நனைந்த சாக்கு நாற்றம், வரிசையாகக் குந்தியிருந்த பையன்கள், கருவாடு சுடும் புகை, கரண்டியும் கையுமாக நின்ற இருபத்தொன்பது வயது சொர்ணம். இவ்வளவும் தெரிகிறது. தான் எங்கே நின்றோம்? வாசலிலா, அடுப்படியிலா? தேடினார். ஒரு மூலையிலும் அவர் இல்லை. ஏனென்றால் அன்றைக்கு அவர் ரயிலில் இருந்தார். பெங்களூரில் ஒரு மாநாடு. வெள்ளத்தில் ரயில் வழியில் நின்று மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். வாசலில் வைத்து அவள் சொன்னாள், ஒன்பது பேர், அரைப்படி, இரண்டு கருவாடு. அந்த மழை, அந்தப் புகை, எல்லாம் அவள் சொன்னதில் முளைத்தவை. கண்ணால் கண்ட ஒரே சாட்சியை, அவளுடைய பழைய பிரதி ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். "இல்லை, ஈசாக்கு," என்றார். "நான் அங்க இல்லை." அப்படிச் சொன்ன பிறகு ஒரு கேள்வி வந்தது. அதை ஏன் இதுவரை யாரும் கேட்கவில்லை? எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது என்று சுவிசேஷக்காரர் நாலு பேரும் எழுதுகிறார்கள். பிட்டுக் கொடுத்தவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் எழுதவில்லை.

"சொர்ணம்," என்றார். "அன்னைக்கு நீ சாப்பிட்டியா?"

அவள் கையிலிருந்த கத்தரிக்காய் அப்படியே நின்றது. இப்படி ஒரு கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. மாசிலாமணிக்குத் திக்கென்றது. கேட்டிருக்கக் கூடாதோ, இல்லாத ஒன்றைத் தேடி அவள் உள்ளே போய்த் தடுமாறுகிறாளோ. பிறகு அவள் சிரித்தாள். மொழிபெயர்ப்புக்கு முந்திய சிரிப்பு அல்ல. இது அவளுடைய சொந்தச் சிரிப்பு.

"நான் எங்க சாப்பிட? நீங்க அன்னைக்கு வந்துருவீங்கன்னு தனியா ஒரு தூக்குல எடுத்து வச்சேன். ராவெல்லாம் வரலை. மறுநாள் வந்தீங்க, குடையை உதறுனீங்க, 'நான் ஸ்டேஷன்லயே சாப்பிட்டுட்டேன்'னுட்டுப் போய்ப் புஸ்தகத்தைத் தொறந்துட்டீங்க."

"அட பாவமே," என்றாள் ஜெபக்கனி. "அப்புறம் அதை என்னக்கா செஞ்சீங்க? கோழிக்குப் போட்டீங்களா?"

"கோழிக்கு எதுக்குப் போடணும்? ஒரு உள்ளியைத் தட்டிப் போட்டு, மோரை ஊத்திச் சுட வச்சு சாயங்காலம் இவங்களுக்கே கொடுத்தேன். கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சாங்க. 'இன்னைக்குக் கஞ்சி ரொம்ப நல்லாருக்கு சொர்ணம், தினமும் இப்படி வை'ன்னாங்க." அவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் வாயைத் தொறக்கலையே! முந்துன நாள் கஞ்சி!"

பந்தலே சிரித்தது. ஈசாக்கு முருங்கைக்காயால் தொடையில் அடித்துக்கொண்டு, "மிச்சம் எடுத்த கூடை சார்வாள் வயித்துக்குள்ளலா போயிருக்கு!" என்றான். மாசிலாமணியும் சிரித்தார். சிரிக்கிறாரா, உள்ளிதான் வேலை செய்கிறதா என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது, அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு சட்டி மிச்சம் என்று அவர் நாற்பது வருஷம் எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணிய சட்டி தன் வயிற்றுக்குள் போனது தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறார், யார் கொடுத்தது, எதிலிருந்து மிஞ்சியது, எத்தனை நேரம் மூடி வைத்துக் காத்திருந்தது என்று கேட்காமல். இப்படி இன்னும் எத்தனை தூக்குகள். நாற்பத்தொரு வருஷத்தில் புதிது என்று நினைத்து அவர் குடித்தவற்றில் எத்தனை மூடி வைத்தவையோ. அதையெல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடமிருந்து அது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, போகிற வழியில் இன்றைக்கு ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மணி நாலே முக்கால். உள்ளிக் கைகளை உயர்த்திக்கொண்டு அவர் விழித்ததைப் பார்த்து ஜெபக்கனி எழுந்து வந்து, போனை எடுத்து, அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்தாள். பூசணிக்காய் வாசனை.

"அப்பா? என்ன முடிவு பண்ணினீங்க? அழறீங்களா?"

"உள்ளி உரிக்கேன். நீ வண்டி ஏறும்மா."

"சரிப்பா," என்றாள் ஹெப்சி. பிறகு, "அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நானும் கூட வந்து டாக்டர்கிட்ட காட்டிக்கிடுதேன்னு சொல்லுவேன். எனக்கும்தான் பல விஷயம் விட்டுப்போச்சு."

ஜெபக்கனி போனைத் திரும்பப் பையில் போட்டாள். சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அடுப்படிப் பக்கம் யாரோ டீக்கு ஆள் கூப்பிட்டார்கள். வெயில் பந்தலுக்குள் ஒரு முழம் நுழைந்து கத்தரிக்காய் அண்டாவைத் தொட்டது. மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டார், இரண்டு முழம் ஒரு முழமானது. அவ்வளவு கிட்டத்தில், கலங்கலுக்குள்ளும், அவள் முகம் தெரிந்தது: மூக்குக்கண்ணாடியின் தடம், காதோரம் நரைத்த முடி, நெற்றியில் தெறித்துக் காய்ந்த கத்தரிக்காய் விதை ஒன்று. அவளும் அவரைப் பார்த்தாள், யாரோ நல்ல மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது போல.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு சங்கதி சொல்லியிருக்கேனா? ஒரு மழை நாள்ல நம்ம வீட்டுக்குப் பையங்க சாப்பிட வந்தது?"

ஈசாக்கு முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டான். முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு விடைத்தாளிலும் ஒரு தப்பைத் தாண்டிப் போகவிடாத மனிதர் கையிலிருந்த உள்ளியைக் கீழே வைத்தார்.

"இல்லையே," என்றார். "சொல்லு."

"அன்னைக்கு நல்ல மழை. ஹெப்சி கைப்பிள்ளை. வீட்ல ஒண்ணும் இல்லை. பதினஞ்சு பேர் வந்து நிக்காங்க."

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

"பதினஞ்சு பேரா!" என்றார் மாசிலாமணி.